சுகர் சீட்டும் கால் விரலும்

வேலூர்க் கோட்டைப் பக்கம் காலையில் நடக்க வருகிறவர்களுக்குள் தனியாக ஒரு பாஷை ஓடும். "நேத்து டெஸ்ட் எடுத்தேன் சார். வெறும் வயித்துல 128, சாப்பிட்டு 210" என்பார் ஒருவர். "எனக்கு மூணு மாச சராசரி 7.4" என்பார் இன்னொருவர், மகன் வாங்கிய மார்க்கைச் சொல்லும் பெருமையோடு. எனக்கும் சுகர் இருப்பதால் இந்தப் பேச்சில் எனக்கும் ஓர் இடம் உண்டு. அரிசி, கம்பு, வெந்தயம், மாத்திரை, இன்சுலின் என்று எல்லாவற்றையும் அலசுவோம். ஆனால் எத்தனை சுற்று நடந்தாலும் பேச்சு முழங்காலுக்குக் கீழே இறங்கவே இறங்காது. நடந்துகொண்டிருப்பது அந்தக் கால்களில்தான் என்றாலும்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று ஐசிஎம்ஆரும் சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் சொன்னது. அப்படியென்றால் ஏறக்குறைய 20 கோடிக் கால்கள். இவற்றில் எத்தனையை ஒரு மருத்துவர் செருப்பைக் கழற்றச் சொல்லித் தொட்டுப் பார்த்திருப்பார்? என்னைக் கேட்டால், சுகர் சிகிச்சையில் நாம் கோட்டை விடுகிற இடம் இதுதான். சீட்டில் இருக்கும் எண்ணைப் பார்க்கிறோம், காலுக்கு ரத்தம் போகிறதா, காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

என் தாய்மாமா கதையைச் சொன்னால் இது புரியும்.

மாமா குடியாத்தத்தில் கைலி வியாபாரம் செய்தவர். சுகர் வந்து பல வருஷம். மாத்திரையை ஒரு நாள் தவறவிட்டவர் இல்லை. பீடியையும் ஒரு நாள் தவறவிட்டவர் இல்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கடைக்கு நடந்து வரும்போது வழியில் ஒரு பாத்திரக்கடை வாசலில் நிற்பார், அப்புறம் ஒரு மளிகைக்கடை வாசலில் நிற்பார். நாலு வார்த்தை பேசிவிட்டு மறுபடி நடப்பார். மாமாவுக்கு ஊரெல்லாம் பழக்கம், அதான் நிற்கிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அத்தை மட்டும்தான் சொன்னார், "அவரு ஆளைப் பாத்து நிக்கல. கெண்டைக்கால் புடிச்சு இழுக்குது, அதான் நிக்கிறாரு."

அத்தை சொன்னதுதான் சரி. நடக்கும்போது கெண்டைக்கால் தசைக்கு ரத்தம் பல மடங்கு அதிகமாக வேண்டும். ரத்தக்குழாய் குறுகியிருந்தால் அவ்வளவு ரத்தம் போய்ச் சேராது, தசை வலியெடுக்கும். நின்றால் சில நிமிடத்தில் வலி போய்விடும். மறுபடி நடந்தால் கிட்டத்தட்ட அதே தூரத்தில் திரும்ப வரும். முட்டித் தேய்மான வலி இப்படிக் கணக்காக வந்து போகாது. முதுகில் நரம்பு அழுந்துவதால் வரும் கால்வலியோ உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால்தான் அடங்கும், சும்மா நின்றால் அடங்காது. 'நடந்தால் வரும், நின்றால் போகும்' என்ற வலியை யார் சொன்னாலும் அது ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். நாங்கள் வயசாகிவிட்டது என்று நினைத்தோம்.

அடுத்த கட்டத்தில் மாமா ராத்திரியில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுத் தூங்க ஆரம்பித்தார். கேட்டால், "காத்து படுது மாப்ள, எரிச்சல் அடங்குது" என்றார். காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. படுத்தால் கால் இதயத்தோடு ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். குழாய் ரொம்பவும் அடைத்திருந்தால் கால் விரல் வரை ரத்தத்தைத் தள்ள அழுத்தம் போதாது. தொங்கவிட்டால் புவியீர்ப்பில் கொஞ்சம் இறங்கும், வலி குறையும். சும்மா இருக்கும்போதே வலி வருகிறது என்பதற்கு இப்படித் தொங்கவிடுவதுதான் அடையாளம். இந்த நிலைக்கு வந்தவர் டாக்டரைப் பார்க்க அடுத்த மாதம் வரை காத்திருக்கக் கூடாது.

அப்புறம் ஒரு கல்யாணம். புதுச் செருப்பு. சுண்டுவிரலில் வார் உரசிக் கொப்புளம். மாமாவுக்கு அது தெரியவே இல்லை. தரையில் ஈரத் தடம் இருக்கிறதே என்று பேத்திதான் கண்டுபிடித்தாள். மாசாமாசம் அவர் போய்வந்த கிளினிக்கில் சீட்டைப் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்களே தவிர, ஒருமுறைகூடச் செருப்பைக் கழற்றச் சொன்னதில்லை. விரல் கறுத்த பிறகு வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே ஓடும் மூன்று முக்கிய ரத்தக்குழாய்களில் இரண்டு அடைத்திருந்தன. பலூன் வைத்து ஒன்றைத் திறந்தார்கள். சுண்டுவிரல் போனது, கால் தப்பியது. இப்போது மாமா கடைக்கு வருகிறார், பீடியை விட்டுவிட்டார், அதற்காகத் தினமும் எல்லோரையும் திட்டுகிறார்.

இனி விஷயத்துக்கு வருவோம். சுகர் ரத்தக்குழாயை இரண்டு விதமாகக் கெடுக்கும். ஒன்று, கண், சிறுநீரகம், நரம்பு இவற்றுக்குப் போகும் மயிரிழை போன்ற நுண்குழாய்களை. இன்னொன்று, இதயம், மூளை, கால் இவற்றுக்குப் போகும் பெரிய குழாய்களை. சுகர்காரர்களுக்குப் பெரிய குழாய் அடைப்பு முழங்காலுக்குக் கீழேயே அதிகம் வரும். குழாய்ச் சுவரில் கொழுப்போடு சுண்ணாம்பும் படிந்து கெட்டியாகிவிடும். பீடி, சிகரெட் இருந்தால் இதெல்லாம் வேகமாக நடக்கும். கால் ரத்தக்குழாய்க்குப் புகையிலை செய்கிற கெடுதலை வேறெதுவும் செய்வதில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், இரண்டு கேடும் ஒரே காலில் சேர்ந்து வரும்போது ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். நரம்பு செத்திருந்தால் அடைப்பின் வலி தெரியாது. கெண்டைக்கால் இழுக்காமலேயே நேராகப் புண்ணில் போய் முடிகிறவர்கள் உண்டு. "கால் சூடாத்தானே இருக்கு, ரத்தம் ஓடுதுன்னுதானே அர்த்தம்" என்று கேட்பார்கள். அதையும் நம்ப முடியாது. ரத்தக்குழாயைச் சுருக்கி விரிக்கும் நரம்புகளும் கெட்டுப்போவதால், ரத்தம் தோலுக்குள் பரவாமல் குறுக்கு வழியில் சிரைக்குப் போய்விடும். மேலே தொட்டால் கதகதப்பு, சிரை புடைத்திருக்கும், உள்ளே திசுவுக்கு வேண்டியது கிடைக்காது. வியர்வையும் நின்றுபோவதால் தோல் வறண்டு குதிகாலில் வெடிப்பு விழும். அந்த வெடிப்புதான் கிருமிக்கு வாசல்.

உணர்ச்சி போன காலைப் பற்றி உலகத்துக்குப் பாடம் சொன்ன ஊர் எங்கள் வேலூர் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர், 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வேலைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கை கால் விரல்கள் அந்த நோயாலேயே அழுகி விழுகின்றன என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் நம்பவில்லை. துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியாதபோது, நோயாளிப் பையன் ஒருவன் சாவியை வாங்கித் திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு வரை கிழிந்து ரத்தம் சொட்டுகிறது, அவனுக்குத் தெரியவில்லை. ராத்திரி விரல் காணாமல் போவதற்குக் காரணம் தேடியபோது, தூங்கும்போது எலி கடித்துத் தின்கிறது என்பது தெரிந்தது. வலி இல்லாததால் யாரும் விழிக்கவில்லை. அப்புறம் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள்.

விரலைத் தின்றது நோய் இல்லை, வலி தெரியாததால் நேர்ந்த காயங்கள் என்று அவர் நிறுவினார். வேலூரிலும் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் அவரும் அவரோடு இருந்தவர்களும் காலின் அழுத்தத்தைப் பரத்தும் மெத்தென்ற செருப்பு, புண்ணுள்ள காலை முழுக்கப் பொதிந்து காக்கும் மாவுக்கட்டு என்று வழிகளைத் தேடினார்கள். 1966இல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், சுகர் நோயாளிகளின் காலும் இதே கதைதான் என்று கண்டு அதே முறைகளை அங்கே பரப்பினார். இன்று உலகம் முழுக்கச் சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்லப்படும் பாதப் பராமரிப்பில் பெரும்பகுதிக்கு வேர், நம்மூர்த் தொழுநோயாளிகள் பட்ட பாட்டில் இருக்கிறது. இதே மாவட்டத்துக்காரரான என் மாமாவுக்கு இது எதுவும் தெரியாது. பக்கத்தில் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிறோம். நம்மவர் காலில் என்னவோ தேய்ந்த ஹவாய்ச் செருப்பு.

சரி, சுகரைக் கட்டுப்படுத்தினால் இதெல்லாம் வராதா? வரும் வாய்ப்பு குறையும். ஆனால் சுகர் மட்டும் போதாது.

இங்கிலாந்தில் 1977இல் தொடங்கி 1998இல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. யூகேபிடிஎஸ் என்பார்கள். புதிதாகச் சர்க்கரை நோய் வந்த 5,000 பேருக்கு மேல் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று மாச சராசரியை 7.9க்குப் பதில் 7.0இல் வைத்திருந்தவர்களுக்கு நுண்குழாய்க் கேடு 25 சதவீதம் குறைந்தது. ஆனால் மாரடைப்பில் அப்போது அவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை. அதே ஆய்வுக்குள் ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்திய பிரிவு ஒன்று. சராசரி 154/87க்குப் பதில் 144/82. இந்தப் பத்துப் புள்ளி வித்தியாசத்தில் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. என் நண்பர்களிடம் நான் அடிக்கடி சொல்வது இதைத்தான். சுகரை மட்டும் பார்த்துக்கொண்டு பிரஷரையும் கொழுப்பையும் விட்டுவிட்டால் பெரிய குழாய் தப்பாது. டாக்டர் எழுதிக் கொடுக்கும் கொழுப்பு மாத்திரையை, "எனக்குக் கொலஸ்ட்ரால் நார்மல்தானே" என்று தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர். சுகர்காரர்களுக்கு அதைக் கொடுப்பது எண்ணைக் குறைக்க மட்டும் இல்லை, குழாயைக் காப்பதற்கும்தான். ஆஸ்பிரின் விஷயம் வேறு. அது எல்லோருக்கும் இல்லை, அடைப்பு உள்ளவர்களுக்கு டாக்டர் பார்த்துக் கொடுப்பது. பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறார் என்று நீங்களும் போடக் கூடாது.

மூன்று மாச சராசரி என்கிற ஹெச்பிஏ1சி பற்றி ஒரு வார்த்தை. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கும். அவ்வளவு நாளும் அதில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையைத்தான் இந்தச் சோதனை அளக்கிறது. 7 என்றால் ரத்தத்தில் சராசரிச் சர்க்கரை 154, 8 என்றால் 183, 9 என்றால் 212. பெரும்பாலானவர்களுக்கு 7ஐ ஒட்டி வைத்தால் போதும். வயசானவர்கள், அடிக்கடி சுகர் இறங்கிப்போகிறவர்கள் இவர்களுக்கு 8 வரைகூட டாக்டர்கள் விடுவார்கள். ரத்தசோகை இருந்தால் இந்த எண் பொய் சொல்லும். இரும்புச்சத்துக் குறைவில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு இது பொருந்தும் என்பதால் சொல்கிறேன்.

வீட்டில் மெஷின் வைத்திருப்பவர்கள் பலர் வெறும் வயிற்றில் மட்டும் குத்திப் பார்க்கிறார்கள். 80இலிருந்து 130க்குள் வந்துவிட்டால் நிம்மதி. தோசைக்கு முன்னால் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என்று ஜோடியாகப் பாருங்கள். 180ஐத் தாண்டுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். எந்த உணவு உங்களுக்கு ஏறுகிறது என்பதை யூடியூப் சொல்லாது, அந்த மெஷின் சொல்லும். கேழ்வரகு நல்லது என்று நைஸாக அரைத்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்துப் பார்த்தேன், சோற்றைவிட வேகமாக ஏறியது. நைஸ் மாவும் நீர்த்த கஞ்சியும் சீக்கிரம் செரிப்பதுதான் காரணம். அதே கேழ்வரகைக் களியாக அளவோடு, கீரைக் குழம்போடு சாப்பிட்டால் எனக்கு அவ்வளவு ஏறுவதில்லை. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாம் ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான். ஜாதி வித்தியாசம் அங்கே கிடையாது.

ஆம்பூர் பிரியாணியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். எழுதுகிறவனே விடவில்லை. ஆனால் காய், பச்சடி, கறி முதலில், சோறு கடைசியில் என்று வரிசையை மாற்றினால் சாப்பிட்ட பிறகு ஏறும் உயரம் குறைகிறது. சோற்றைக் கேட்டு இரண்டாம் தடவை கையை நீட்டாமல் இருக்கவும் அது உதவும். சாப்பிட்டு எழுந்ததும் பத்துப் பதினைந்து நிமிஷம் மெதுவாக நடப்பது காலை நடைக்கு மேல் தனிப் பலன் தரும். கல்யாண வீட்டில் இதை முயன்றால் பந்தி முடிந்ததும் ஓடுகிறானே என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

இறங்கிப்போவதையும் மறக்கக் கூடாது. 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிஷத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ஏகாதசி, கிருத்திகை என்று பட்டினி கிடக்கிறவர்கள் மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இன்னொன்றும் உண்டு. பல வருஷமாக 11, 12 என்று இருந்த சராசரியைச் சில வாரத்தில் தடாலென்று இறக்கினால் சிலருக்குக் காலில் எரிச்சலும் குத்தலும் கூடும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

"இன்சுலின் போட்டதாலதான் அவருக்குக் கால் போச்சு" என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் ரொம்பப் பிரபலம். நடப்பது தலைகீழ். கால் கெட்டு, சீழ் பிடித்து, வேறு வழியில்லாத கடைசி நேரத்தில்தான் பலர் இன்சுலினுக்கு ஒப்புக்கொள்கிறார்கள். பழி ஊசி மேல் விழுகிறது. புண் ஆறவும் கிருமி அடங்கவும் அந்த நேரத்தில் இன்சுலின்தான் கை கொடுக்கும்.

சோதனைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நாமாகக் கேட்டால்தான் நடக்கும். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் சில இடங்களில் வைத்து அழுத்துவார்கள். கண்ணை மூடிக்கொண்டு தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். இரும்புக் கவடு ஒன்றைத் தட்டி அதிரவிட்டுக் கட்டைவிரல் எலும்பில் வைப்பார்கள், அதிர்வு தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்து சில நிமிஷ வேலை, விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது தரை பஞ்சு மாதிரி இருக்கிறது, கால் மதமதவென்று இருக்கிறது, செருப்பு நழுவி விழுந்தது தெரியவில்லை என்கிறவர்களுக்கு இந்தச் சோதனையில் பெரும்பாலும் கோளாறு தெரியும். அதோடு பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். மெட்பார்மின் பல வருஷம் சாப்பிட்டால் பி12 குறையலாம், அதுவும் மரத்துப்போவதற்கு ஒரு காரணம், அதைச் சரிசெய்துவிடலாம்.

ரத்த ஓட்டத்துக்கு முதல் சோதனை டாக்டரின் விரல்தான். பாதத்தின் மேல்புறம் ஒரு நாடி, உள்கணுக்காலுக்குப் பின்னால் ஒரு நாடி. இவை கைக்கு எட்டவில்லை என்றால் கணுக்காலிலும் கையிலும் பிரஷர் பார்த்து ஒன்றை மற்றொன்றால் வகுப்பார்கள். 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு. சுகர்காரர்களிடம் இதில் ஒரு பொறி இருக்கிறது. குழாயில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகியிருந்தால் பிரஷர் பார்க்கும் பட்டையால் அதை அமுக்க முடியாது, எண் 1.4க்கு மேல் போய் எல்லாம் பிரமாதம் போலத் தோன்றும். அப்போது கால் விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும், டாப்ளர் ஸ்கேன் செய்ய வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறையாவது கால் சோதனை எல்லோருக்கும் வேண்டும். ஏற்கெனவே மரத்துப்போனவர்களுக்கும் புண் வந்து ஆறியவர்களுக்கும் இன்னும் அடிக்கடி. தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல விஷயம். பாதப் பரிசோதனைக்கென்று 'பாதம் பாதுகாப்போம்' திட்டமும் இருக்கிறது. மாத்திரை கொண்டுவரும் அக்காவிடமே விசாரியுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை, செய்யக் கூடாததுதான் அதிகம். ராத்திரி படுக்கும் முன் கால் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, அடிப்பாதத்தைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் கீழே ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், கண் தெரியாதவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூப்பிடலாம். தேங்காய் எண்ணெயோ க்ரீமோ மேலும் கீழும் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும். ஆணிக்கால் பட்டையை மருந்துக்கடையில் வாங்கி ஒட்டாதீர்கள். அதிலுள்ள அமிலம் உணர்ச்சியற்ற தோலை ஓட்டை போட்டுவிடும். பிளேடால் சீவுவது அதைவிட மோசம். எரிச்சலுக்கு வெந்நீரில் கால் வைப்பது, சுடு ஒத்தடம் இரண்டும் கூடவே கூடாது. தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள்.

கால் வீங்கியிருக்கிறது என்று மருந்துக்கடையில் இறுக்கமான காலுறை வாங்கிப் போடுகிறவர்கள் கவனிக்கவும். அது சிரைக் கோளாறுக்கானது. தமனியில் அடைப்பு இருக்கும் காலில் அதைப் போட்டால் மிச்சம் போகும் ரத்தமும் நிற்கும். முதலில் நாடி பார்த்துவிட்டுத்தான் காலுறை. ஊருக்கு ஊர் இலவசமாகக் கால் வைக்கச் சொல்லி அதிரவிடும் மெஷின்காரர்கள், ரத்த ஓட்டம் சீராகும் என்பார்கள். சும்மா உட்கார வைத்துக் காலை அதிரவிட்டால் அடைத்த குழாய் திறக்காது. நடந்தால் பலன் உண்டு. புண் இல்லாத, ஓய்வில் வலி இல்லாதவர்களுக்கு டாக்டர்கள் சொல்வதே இதுதான். கெண்டைக்கால் வலிக்கும் வரை நடந்து, நின்று, வலி அடங்கியதும் மறுபடி நடக்க வேண்டும். அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை, வாரம் மூன்று நாளாவது, மூன்று மாதத்துக்குக் குறையாமல். நிற்காமல் நடக்கும் தூரம் கூடும். மாமா இப்போது பாத்திரக்கடையைத் தாண்டி மளிகைக்கடையில்தான் நிற்கிறார்.

செருப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எம்சிஆர் செருப்பு என்று கேளுங்கள். மெத்தென்ற உள்தளம், கெட்டியான அடித்தளம், குதிகாலுக்குப் பின்னால் வார், ஆணி அடிக்காதது. பல அரசு மருத்துவமனைகளில் விசாரித்தால் கிடைக்கும். செருப்புக் கடைக்குச் சாயங்காலம் போங்கள், அப்போதுதான் கால் வீங்கி முழு அளவில் இருக்கும். புதுசை முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றிச் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். ஷூவுக்குள் காலை விடுமுன் கையை விடுங்கள்.

கோயில்தான் சிக்கல். மத்தியான வெயிலில் பிரகாரக் கல்லில் நடந்து பாதம் வெந்தது தெரியாமல் வீடு வந்தவர்கள் உண்டு. விடிகாலையில் போகலாம், பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளலாம். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், வெறுங்காலோடு போவதுதான் வழக்கம். காலில் உணர்ச்சி போனவர்கள் இதைச் செய்யக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. வண்டியில் சுற்றி வாருங்கள், அண்ணாமலையார் கணக்கு வைத்துக்கொள்வார். கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும்.

புண், கொப்புளம், திடீரென்று சிவந்து சூடான வீக்கம், நாற்றம், கறுத்த விரல், ஒரு கால் மட்டும் சில்லென்று வெளிறிப்போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். மஞ்சள் பற்றுப் போட்டு ஒரு வாரம் பார்ப்போம் என்று இருந்தால் அந்த ஒரு வாரத்தில் விரல் போய்விடும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, விரலை எடுக்க வேண்டும் என்று சொன்னால், எடுக்கும் முன் ரத்தக்குழாய் நிபுணரைக் கொண்டு ரத்த ஓட்டத்தைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். ரத்தம் வராத இடத்தில் வெட்டினால் வெட்டிய புண்ணும் ஆறாது, அப்புறம் இன்னும் மேலே வெட்ட வேண்டி வரும்.

அடுத்த தடவை மாத்திரை வாங்கப் போகும்போது, டாக்டர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, "கால்ல நாடி பாருங்க டாக்டர், உணர்ச்சி இருக்கான்னு பாருங்க" என்று கேளுங்கள். அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் அவர்களுக்காக நீங்களே கேளுங்கள், அவர்கள் கூச்சப்பட்டுக் கேட்க மாட்டார்கள்.